84 என்பது 84 சதவீதம் அல்ல

கண்காணிப்பு கேமராப் பதிவுகளில் முகத்தை வைத்து ஆளைத் தேடும் அமைப்புகளை நிறுவுவது என் தொழில். சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த இருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நான் அன்று செய்த தவறுகளை அப்படியே செய்தார்கள். லென்ஸைத் துடைக்க மறப்பது போன்றவற்றை அவர்களே திருத்திக்கொள்வார்கள். கீழே உள்ளவை அப்படிப்பட்டவை அல்ல.

மதிப்பெண்ணைச் சதவீதமாக வாசிப்பது

மென்பொருள் ஒவ்வொரு முகத்தையும் எண்களின் வரிசையாக மாற்றுகிறது. பல மென்பொருள்களில் 512 எண்கள். இரண்டு வரிசைகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதே மதிப்பெண். 84 வந்தால் இரு படங்களும் அந்த அளவுக்கு ஒத்திருக்கின்றன, அவ்வளவுதான். இருவரும் ஒரே ஆள் என்பதற்கு 84 சதவீத வாய்ப்பு என்று அது சொல்லவே இல்லை.

எனக்கு இது தெரியாத காலத்தில், ஒரு வணிக வளாகத்தில் வருகைப்பதிவுக் கருவிக்கு வைத்த வரம்பையே, அதாவது எந்த மதிப்பெண்ணுக்கு மேல் போனால் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வது என்ற அளவையே, வாசல் கேமராவுக்கும் வைத்தேன். வருகைப்பதிவில் ஒருவர் முகம் அவருடைய படத்தோடு மட்டும் ஒப்பிடப்படும். வாசலிலோ தேடப்படுவோர் பட்டியலில் 500 பேர், நாளுக்கு 20,000 வாடிக்கையாளர்கள். மொத்தம் ஒரு கோடி ஒப்பீடுகள். லட்சத்தில் ஒன்று பிசகினாலும் தினம் 100 பொய் எச்சரிக்கைகள். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. பேத்தியோடு கல்யாணப் புடவை வாங்க வந்த ஓர் அம்மாவைக் காவலாளி எல்லோர் முன்னாலும் மறித்தார். திரையில் 84. அந்த அம்மா புடவை வாங்காமலே திரும்பிப் போனார். அந்தச் சிறுமி அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

2017இல் கார்டிஃபில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியின்போது சவுத் வேல்ஸ் போலீஸாருக்கு வந்த 2,470 எச்சரிக்கைகளில் 2,297 தவறானவை. டெட்ராய்ட்டில் 2020 ஜனவரியில் ஒருவரை, கடைக் கேமராவின் மங்கலான படத்தோடு முகம் பொருந்தியதாகச் சொல்லி, மனைவி மக்கள் கண்ணெதிரே கைது செய்தார்கள். அவர் குற்றவாளி அல்ல. இத்தனைக்குப் பிறகும் புதியவர் ஒருவர் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் சதவீதக் குறியைச் சேர்த்து வைத்திருந்தார். உடனே எடுக்கச் சொன்னேன்; குரலும் உயர்ந்துவிட்டது.

வரம்பை அந்த இடத்தின் கேமரா, அந்த இடத்தின் வெளிச்சம், அங்கே வரும் கூட்டம் ஆகியவற்றை வைத்துச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பொருத்தம் வந்தால் அது ஒரு துப்பு மட்டுமே. உடை, நேரம், வந்த வழி என்று வேறு ஆதாரம் கிடைக்கும்வரை யாரையும் நிறுத்தக் கூடாது.

கேமராவை உயரத்தில் மாட்டுவது

உச்சந்தலையை வைத்து யாரையும் தேட முடியாது.

கடிகாரங்கள்

எல்லாக் கேமராக்களும் ஒரே நேர சர்வரைப் பின்பற்ற வேண்டும். ஒரு கேமரா ஏழு நிமிடம் முந்தினாலும், ஆள் எந்தப் பக்கம் போனார் என்பதே தலைகீழாகிவிடும்.

பழைய படங்கள்

காணாமல் போனவர் வீடு திரும்பிய அன்றே அவருடைய படத்தைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.