பேரப்பிள்ளைக்கு அட்டை லாரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிக்ஸியோ மின்விசிறியோ வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, பேரனுக்கோ பேத்திக்கோ ஒரு லாரி செய்து தரலாம். ஆனால் இப்படிச் செய்யும் லாரிகளில் பாதி, மறுநாளே முதுகு வளைந்து மூலைக்குப் போய்விடும். அழகாக வெட்டத் தெரியாததால் அல்ல, அட்டையின் போக்கைப் பார்க்காமல் வெட்டுவதால்.

பெட்டியின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். இரண்டு தாள்களுக்கு நடுவே இன்னொரு தாள் நெளிநெளியாக ஓடும். அந்த நெளிக்கு இணையாக மடித்தால் அட்டை சொன்னபடி கேட்கும். குறுக்கே மடித்தால் நசுங்கிக் கோணலாகும். லாரியின் அடிப்பாகத்தில் நெளி முன்னிருந்து பின்னாக, நீளவாக்கில் ஓட வேண்டும். அப்போதுதான் குழந்தை நடுவில் கையை ஊன்றினாலும் தாங்கும். பக்கச் சுவர்களும் அதே போக்கில் சுலபமாக மடங்கிவிடும். முன், பின் சுவர்களை மட்டும் தனியாக வெட்டி ஒட்டுவது நல்லது.

அடுத்தது சக்கரம். டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டால் மையம் எங்கே என்று தெரியாது. துளை கொஞ்சம் தள்ளிப் போனாலும் வண்டி நொண்டும். காம்பஸில் வரையுங்கள், முள் குத்திய இடமே மையம். ஒற்றை அட்டைச் சக்கரம் சீக்கிரம் நசுங்கும். மூன்று வட்டங்களை, ஒன்றின் நெளி அடுத்ததற்குக் குறுக்கே வரும்படி ஒட்டினால் மரக்கட்டை மாதிரி இறுகிவிடும். அச்சுக்கு மூங்கில் குச்சி போதும், கூர்நுனியை மறக்காமல் நறுக்கிவிடுங்கள். ஸ்ட்ராவை வண்டியின் அடியில் ஒட்டி, அதற்குள் குச்சி சுழல வேண்டும். சக்கரம் குச்சியோடு ஒட்டியிருக்க வேண்டும். ஸ்ட்ரா இருபுறமும் இம்மி வெளியே நீண்டிருந்தால்தான் சக்கரம் உடம்பில் உரசாது.

ஃபெவிகாலை அள்ளிப் பூசாதீர்கள். அதிலுள்ள ஈரத்தில் அட்டை ஊறி வளையும். மெல்லிய பூச்சு, மேலே கனமான புத்தகம், ஓர் இரவு. அவசரப்பட்டால் எல்லாம் கெட்டது. மைதா பசைக்குக் கரப்பான் வரும். பூச்சி வராமலிருக்க பைண்டிங் கடைகளில் அந்தப் பசையில் துருசு (மயில்துத்தம்) கலப்பதுண்டு. துருசு விஷம். குழந்தை அட்டையைக் கடிக்கத்தான் செய்யும், அந்தப் பசை வேண்டவே வேண்டாம்.

ஸ்டேப்ளர் பின், குண்டூசியும் கூடாது. விளக்குக்குச் சட்டைப் பொத்தான் ஒட்டும் ஆசையும் வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்க 3.17 செ.மீ. அகலமுள்ள ஒரு குழாயை வைத்திருக்கிறார்கள்; அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியது என்று கணக்கு. பொத்தான் தாராளமாக அடங்கும். விளக்கை வரைந்துவிடலாமே.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, தாத்தா பாட்டியே வர்ணம் வரை முடித்து, ஷோகேஸ் பொருள் போல நீட்டுவது. பிறகு குழந்தை தொட்டால் "பார்த்து, பார்த்து" என்று நாமே தடுப்போம். வெறும் அட்டையாகவே கொடுத்து, கூடவே கிரேயான் டப்பாவையும் வைத்துவிடுங்கள். வாட்டர்கலர் வேண்டாம், அதுவும் அட்டையை வளைக்கும்.

வட்டங்களை வெட்டும்போதே கூடுதலாகச் சில வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நைவது சக்கரம்தான். பழைய குச்சியை உருவிவிட்டு, புதுக் குச்சியில் புதுச் சக்கரம் மாட்டினால் லாரி மறுபடி ஓடும்.