புகார் மனுவில் மேடைப்பேச்சு வேண்டாம்

"பி.சி.ஆர். கேஸ் போட்டிருக்கோம்" என்று ஊரில் சொல்வார்கள். அது 1955-இல் வந்த குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். ஆனால் அவர்கள் போட்டிருப்பது பெரும்பாலும் 1989-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் ஒரு வழக்கு. பழைய பெயர் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது, பேச்சில் அதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. மனுவில் எழுதும்போதுதான் சொல் காலை வாருகிறது.

சாதிக் கொடுமைக்கு எதிராக நம்மிடம் சட்டம், எழுத்து, இயக்கம் என்று மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் வேலை வேறு, மொழியும் வேறு. ஒன்றின் மொழியைக் கொண்டுபோய் இன்னொன்றில் ஊற்றுவதால் வரும் சேதம்தான் நான் பார்த்தவரை அதிகம். அதைச் செய்பவர்கள் எதிர்த்தரப்பினர் அல்லர், உதவிக்கு ஓடி வருகிற நாம்தான்.

முதலில் மனு. "ஆதிக்க வெறியர்கள் காலங்காலமாக எங்கள் மக்களை இழிவுபடுத்தி வருகிறார்கள், நேற்றும் கேவலமாகப் பேசினார்கள்" என்று தொடங்கும் புகார்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் நானே அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார், என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது அதில் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் கேட்பது அதைத்தான். பொதுமக்கள் பார்வை படும் இடத்தில் இழிவுபடுத்தியிருக்க வேண்டும், அல்லது சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருக்க வேண்டும். வெளியாள் யாரும் இல்லாமல் நான்கு சுவருக்குள் நடந்தது இந்தப் பிரிவில் வராது என்று 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 'டீக்கடை வாசலில், இன்னின்ன மூன்று பேர் நிற்கும்போது' என்ற ஒரு வரி இல்லாததால் வழக்கு நொண்டிவிடும்.

இதில் கூச்சம் என்று ஒன்று இருக்கிறது. திட்டிய சொல்லை அப்படியே எழுத பாதிக்கப்பட்டவருக்குக் கை வராது. எழுதிக் கொடுப்பவருக்கும் சங்கடம், 'தகாத வார்த்தைகளால் திட்டினார்' என்று நாகரிகமாக முடித்துவிடுவார். அந்தச் சொல்தான் குற்றமே. எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் மேற்கோள் குறிக்குள் அப்படியே வர வேண்டும். பாதிக்கப்பட்டவரின் சாதியோடு, எதிரி (அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்) பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர் அல்லர் என்பதும் மனுவிலேயே இருக்க வேண்டும். "ஊருக்கே தெரியுமே" என்பார்கள். ஊருக்குத் தெரிந்தது கோப்புக்குத் தெரியாது.

சாதிச் சான்றிதழை முதல் நாளே வாங்கிப் பாருங்கள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். கிறித்தவரான தலித் ஒருவர் அதே தெருவில் அதே அடி வாங்கியிருந்தாலும், சான்றிதழில் அவர் பிற்படுத்தப்பட்டவர், இந்தச் சட்டம் அவருக்குக் கைகொடுக்காது. பழங்குடியினருக்கு இந்த மதக் கட்டுப்பாடு இல்லை. இது அநியாயம் என்பது என் கருத்து. அதை மாற்றுவதற்கான வாதத்தை இந்த மனுவில் நடத்த முடியாது என்பதும் என் கருத்து.

அடுத்தது சி.எஸ்.ஆர். காவல் நிலையத்தில் ஒரு ரசீது கொடுத்து அனுப்புவார்கள். அதை வாங்கிக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்று நிம்மதியாக வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. குற்ற எண் போட்ட எஃப்.ஐ.ஆர். நகல்தான் வழக்கு, அதை இலவசமாகத் தர வேண்டும். "விசாரித்துவிட்டுப் பதிகிறோம்" என்ற பதில் இந்தச் சட்டத்தில் செல்லாது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முன்விசாரணைக்கு இடம் கொடுத்தது உண்மைதான். அதே ஆண்டு நாடாளுமன்றம் 18-ஏ பிரிவைச் சேர்த்து அந்த வாசலை அடைத்தது, 2020-இல் அந்தத் திருத்தத்தை உச்ச நீதிமன்றமும் ஏற்றது. நிலையத்தில் மறுத்தால் எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட், அதற்கும் அசைவில்லை என்றால் நீதிமன்றம். தபால் ரசீதைத் தொலைக்காதீர்கள்.

எஃப்.ஐ.ஆர். வந்ததும் ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். ராசி, சமாதானம், கோயில் திருவிழா வருகிறது, பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். கூடவே நம் மீதே ஒரு எதிர்ப்புகார், கவுன்ட்டர் கேஸும் வரும், அதற்கு அஞ்ச வேண்டாம். "அதான் பணம் வருதே" என்ற பேச்சுதான் மோசம். பாதிக்கப்பட்டவருக்கான தீருதவித் தொகையை எதிரி தருவதில்லை, அரசு தருகிறது. 2016 விதிகள் அதைக் குற்றத்தைப் பொறுத்து 85,000 ரூபாயிலிருந்து 8,25,000 ரூபாய் வரை என்று வைத்தன, தவணைகளில் வரும். வழக்கை விற்ற காசு என்று யாராவது சொன்னால் வாயை மூடச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவரே அப்படி நினைத்துக் கூசி வாங்காமல் விட்டதும் உண்டு.

ஜாமீன் விசாரணைக்குப் போகாமல் இருப்பது இன்னொரு தவறு. எதிரியின் ஜாமீன் மனு வரும்போது பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் தர வேண்டும், அவர் பேச்சைக் கேட்க வேண்டும் என்கிறது 15-ஏ பிரிவு. கேட்க ஆள் வராவிட்டால் அந்த உரிமை காகிதத்தோடு சரி.

இனி இயக்கத்தின் பக்கம். சம்பவம் நடந்த அன்று மாலையே பாதிக்கப்பட்டவரின் தாய் முன்னால் நான்கைந்து செல்போன்கள் நீள்கின்றன. ஒருவரிடம் ஆறு பேர் வந்தார்கள் என்கிறார், இன்னொருவரிடம் எட்டு பேர் என்கிறார். அழுதுகொண்டிருக்கிறவர் எண்ணிக்கொண்டா பேசுவார்? இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் அந்த வீடியோக்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒரே ஒருவர் பேசட்டும், குடும்பத்துக்கு வெளியே இருப்பவர் பேசட்டும். பாலியல் வன்முறை என்றால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் பெயர், படம், தெரு எதுவும் பதிவில் வரக்கூடாது. நீதி கேட்டு ஹேஷ்டேக் போட்டவரும் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவில் குற்றவாளிதான்.

வீடியோ எடுக்கிற துடிப்பை வேறு பக்கம் திருப்பலாம். வேறு சாதிப் பெண்ணோடு பழகியதற்காகக் கொல்லப்பட்ட தலித் இளைஞர் கோகுல்ராஜின் வழக்கில் முக்கிய சாட்சி முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ்சாட்சியானார், திருச்செங்கோடு கோயிலின் சிசிடிவி பதிவுதான் நின்றது. தாயார் விடாமல் போராடிச் சிறப்பு அரசு வழக்கறிஞரை நியமிக்க வைத்தார், விசாரணையை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்ற வைத்தார். 2015-இல் கொல்லப்பட்டவருக்கு 2022 மார்ச்சில் தீர்ப்பு வந்தது, பத்துப் பேருக்கு ஆயுள். கடைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் கேமரா பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும். அதைக் கைப்பற்றச் சொல்லி முதல் வாரமே எழுத்தில் கேளுங்கள்.

எழுத்தைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் எழுதுகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். கீழ்வெண்மணியை எடுத்துக்கொள்வோம். 1968 டிசம்பர் 25 இரவு தலித் கூலி விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு, செங்கொடிச் சங்கம், அதை உடைக்க மிராசுதார்களின் சங்கம் என்பதுதான் பின்னணி. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. இவ்வளவு வசதி படைத்தவர்கள் தாங்களே நேரில் நடந்துபோய் இப்படிச் செய்வார்களா என்ற சந்தேகம் அந்தத் தீர்ப்பில் இருந்தது. அதாவது நீதிபதிகளால் கற்பனை செய்ய முடியவில்லை. அந்த இடத்தில் கற்பனையைத் தர வேண்டியது இலக்கியம். அந்தச் சம்பவத்தைக் களமாகக் கொண்ட 'குருதிப்புனல்' நாவல் நிலக்கிழாரின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறைவைக் காரணமாக்கியது. அப்போதே அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. கூலி நெல்லின் அளவு பேசப்பட வேண்டிய இடத்தில் ஒருவரின் உடற்கூறு வந்து உட்கார்ந்துகொண்டது. இன்றும் நம் கதைகளில் சாதி வெறியர் என்றால் குடிகாரர், பெண்பித்தர், மீசைக்காரர். அன்பான அப்பாவாக, ஊருக்கு உபகாரியாக, படித்த அதிகாரியாக இருந்துகொண்டே ஒருவர் அதைச் செய்வார் என்று காட்டுகிற கதைதான் அந்த நீதிபதிகளின் சந்தேகத்துக்குப் பதில்.

பாதிக்கப்பட்டவரை எப்போதும் அழுகிறவராகவே எழுதுவதும் இந்த வகைதான். தருமபுரி மாவட்டத்துப் பழங்குடி ஊரான வாச்சாத்தியின் பெண்களை அப்படி எழுதினால் கதையில் பாதி போய்விடும். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளானார்கள். மலைவாழ் மக்கள் சங்கம் வழக்கை விடவில்லை, அந்தப் பெண்கள் சாட்சிக்கூண்டை விடவில்லை. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்கள், மிச்சமிருந்த 215 பேரையும் 2011-இல் தருமபுரி நீதிமன்றம் தண்டித்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பரில்.

31 ஆண்டுகள். அதனால் கோப்பை ஒரே ஆளிடம் கொடுத்து வைக்காதீர்கள். வழக்கறிஞர் மாறுவார், சங்கத்துத் தோழர் வேறு ஊருக்குப் போவார், குடிசை ஒழுகும். எஃப்.ஐ.ஆர்., சான்றிதழ், மருத்துவமனைச் சீட்டு, தபால் ரசீது எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி எடுத்து மூன்று வீட்டில் வையுங்கள். அதில் ஒன்று பாதிக்கப்பட்டவரின் வீடாக இருக்கட்டும்.