இறுக்கமான டயர், முறிந்த லீவர்: ரோடு பைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலை காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். சாலையோரப் புளியமரத்தடியில் இரண்டு கல்லூரிப் பையன்கள் ரோடு பைக்கை, அதாவது மெல்லிய டயர் போட்ட வேகச் சைக்கிளை, கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். டயரை நெம்பிக் கழற்றும் பிளாஸ்டிக் லீவர் ஒன்றின் முனை பின்டயருக்குள் மாட்டியிருக்கிறது, மீதி ஒருவன் கையில் இருக்கிறது. என்னைப் பார்த்ததும், "அண்ணே, இரும்புல நல்ல லீவர் எங்க கிடைக்கும்?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் தேடினேன். அதனால் பாழான ரிம் இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கிறது.

காற்றை முழுசாக இறக்காமல் நெம்புவது, பம்ப் இல்லாமல் கிளம்புவது போன்றவை ஒரு தடவை பட்டால் தானே திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிளாஸ்டிக் முறிந்ததும் இரும்புக்குத் தாவுவது

நம் பக்கத்துச் சாலையோரமெல்லாம் சீமைக் கருவேலம்தான். யாராவது கிளையை வெட்டி இழுத்துப் போயிருந்தால் அன்றைக்கு அந்த வழியில் பஞ்சர் நிச்சயம். குன்றக்குடி தாண்டி எனக்கு நடந்தது அதுதான். டயர் புதுசு, மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. சைக்கிளோடு இனாமாக வந்த மூன்று லீவர்களில் இரண்டு வரிசையாக முறிந்தன. மூன்றாவது வாழைமட்டை மாதிரி வளைந்து கொடுத்தது.

தள்ளிக்கொண்டே போய் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன். கடைக்கார ஐயா இரும்பு லீவர் இரண்டை எடுத்தார். முனையெல்லாம் தேய்ந்து பளபளவென்று இருந்தது. மாட்டுவதற்கு முன் ரிம்மை நகத்தால் சுண்டிப் பார்த்தார். "தம்பி, இது அலுமினியம்ல? ஓரம் தகடு மாதிரி இருக்கு. போடவா?" என்று கேட்டார். "போடுங்கய்யா, ஒண்ணும் ஆகாது" என்றேன். அவர் எச்சரித்தார், நான் கேட்கவில்லை. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

டயர் கழன்றது, ட்யூப் மாறியது, கிளம்பிவிட்டேன். முதல் இறக்கத்தில் பிரேக் பிடித்தபோது சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்று இடித்தது. வீட்டுக்கு வந்து விரலை ஓட்டிப் பார்த்தால், ரிம்மின் ஓரம் ஓரிடத்தில் வெளியே பிதுங்கியிருக்கிறது. அரிசி மணி அளவுதான். பிரேக் கட்டை போய் இடிப்பது அங்கேதான். புத்திசாலித்தனமாகக் குறட்டைப் பிடித்து நிமிர்த்தினேன், ஓரம் கீறல் விட்டது. வளைந்த அலுமினியத்தைத் திரும்ப வளைத்தால் பெரும்பாலும் அதுதான் கதி. புது ரிம் வரவழைத்து, போக்ஸ் கம்பி கோத்து, கோட்டம் எடுத்து முடிக்கும்போது ஐயாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. அந்தக் காசுக்கு நல்ல லீவர் ஒரு கூடை வாங்கியிருக்கலாம்.

பழைய கருப்பு சைக்கிளுக்கு இரும்பு லீவர் சரி. அதன் ரிம்மே இரும்பு, டயரும் கொஞ்சம் தளர்வாகத்தான் உட்காரும். அந்தக் கணக்கை ரோடு பைக்குக்குக் கொண்டுவரக் கூடாது.

அதைவிடப் பெரிய விஷயம், அன்றைக்கு எனக்கு இரும்பு தேவையே பட்டிருக்காது. ரிம்மைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம், இரண்டு பக்கமும் டயர் ஓரம் உட்காரும் மேடு. டயர் ஓரத்துக்குள் ஓடுவது எஃகுக் கம்பியாக இருந்தாலும் கெவ்லார் நூலாக இருந்தாலும் இழுத்தால் நீளாது. காற்று அடிக்கும்போது அந்த ஓரம் மேட்டில் ஏறி உட்காரும். காற்றை இறக்கினாலும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ட்யூப்லெஸ் ரிம் என்றால் மேட்டுக்கு உள்பக்கம் வயல் வரப்பு மாதிரி ஒரு சின்னத் தடுப்பும் இருக்கும், ஓரம் இன்னும் பிடிவாதம் பிடிக்கும். அந்த நிலையில் நெம்பினால் நீளாத ஒன்றை நீட்டப் பார்க்கிறோம் என்று அர்த்தம். அப்போது முறிய வேண்டியது லீவர், அது இரும்பாக இருந்தால் ரிம்.

அதனால் முதலில் டயரை இரு பக்கமும் கட்டைவிரலால் அமுக்கி, சக்கரம் முழுக்கச் சுற்றிவந்து ஓரத்தைப் பள்ளத்துக்குள் இறக்குங்கள். ஒரு பக்கம் மூன்று மில்லிமீட்டர் இறங்கினால் எதிர்ப்பக்கம் ஏறக்குறைய அவ்வளவு தளர்வு கிடைக்கும். கேட்க அற்பமாக இருக்கும். புளியமரத்தடிப் பையனை அப்படிச் செய்யச் சொன்னேன், ஒரு சுற்று வருவதற்குள் வேர்த்துவிட்டான். அப்புறம் மிச்சமிருந்த ஒரே பிளாஸ்டிக் லீவரை மாட்டினான். டயர் ஓரம் சத்தமில்லாமல் வெளியே வந்தது.

நிறத்தையும் விலையையும் பார்த்து லீவர் வாங்குவது

இதற்காக எந்த லீவரும் போதும் என்று சொல்லவில்லை. கடையில் வாங்கினால் முதலில் இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். ஸ்கேல் மாதிரி வளைந்தால் வைத்துவிடுங்கள். முனை மெல்லியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறுக்கமான ஓரத்துக்கு அடியில் நுழையாது. ஆனால் அகலமாகவும் இருக்க வேண்டும். ஒரே புள்ளியில் அழுத்தம் விழுந்தால் லீவருக்கும் கேடு, ரிம்முக்கும் கேடு. முனைக்கு அடுத்த கழுத்துப் பகுதி தடிமனாக இருக்கிறதா என்று பாருங்கள். நான் முறித்தவை எல்லாம் கழுத்தில்தான் முறிந்தன.

நான் இப்போது வைத்திருப்பது பெட்ரோஸ் என்ற கம்பெனியின் லீவர், ஜோடியாக வரும், முனை அகலம். பள்ளத்தில் இறக்கிய பிறகும் அடம்பிடிக்கிற டயருக்கு, உள்ளே எஃகும் மேலே பிளாஸ்டிக் உறையும் உள்ள ரகம் இருக்கிறது. பார்க் டூல் கம்பெனியின் டிஎல்-6.2 அந்த ஜாதி. பலம் இரும்புடையது, ரிம்மைத் தொடுவது பிளாஸ்டிக். ஒன்றே ஒன்று: உறை தேய்ந்து எஃகு எட்டிப் பார்த்த நாளோடு அதன் வேலை முடிந்தது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கனமான இரும்புச் சாமான்களைப் பார்க்கும்போது இன்னும் என் கை போகத்தான் செய்கிறது. அலமாரியில் அழகுக்கு வைக்கலாம்.

ஸ்க்ரூடிரைவர்

வேண்டாம். கரண்டிக் காம்பும் வேண்டாம்.

கார்பன் ரிம்மில் இரும்பு

ரிம்மின் விலையை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போதும் லீவரைத் தேடுவது

கழற்ற லீவர், மாட்டக் கை. கடைசி ஒரு சாண் ஏறாதபோது லீவரை நுழைத்தால் இடையில் சிக்குவது புது ட்யூப்தான். வால்வு இருக்கும் இடத்தில் ட்யூப் தடித்திருப்பதால் டயர் ஓரம் பள்ளத்துக்குள் இறங்காது. அதனால் வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பித்து வால்வில் முடியுங்கள். முடிக்கும்போது வால்வை ஒரு தடவை உள்ளே தள்ளி விடுங்கள், ட்யூப் ஓரத்துக்கு அடியில் மாட்டியிருந்தால் விலகிவிடும். கடைசி இரண்டு அங்குலத்துக்குச் சோப்புத் தண்ணீர் தடவினால் உள்ளங்கையாலேயே உருட்டி ஏற்றலாம்.

தடித்த ரிம் டேப்

ரிம்முக்குள் இருக்கும் போக்ஸ் துளைகளை மூடத் துணி டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றுகிறார்கள். பள்ளத்தைப் பாதி தூர்த்துவிட்டு டயர் இறுக்கம் என்று புலம்புவது என்ன நியாயம்? மெல்லிய டேப், ஒரு சுற்று. போக்ஸ் துளைகள் மூடினால் சரி.

'28' என்ற எண்ணை நம்புவது

28 மில்லிமீட்டர் அகல டயரை நினைத்துச் சின்ன ஊர்க் கடையில் "28 டயர் குடுங்க" என்று கேட்டால் கருப்பு சைக்கிளின் 28 x 1½ டயரை எடுத்துக் கொடுக்க வாய்ப்பு உண்டு. அது 635 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிம்முக்கானது. ரோடு பைக்கின் ரிம், 700சி என்று சொல்வது, 622. பதின்மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம், கழுத்தில் மாட்டிய வளையம் மாதிரி தொங்கும். டயர் பக்கவாட்டில் 25-622, 28-622 என்று எழுதியிருக்கும்; முதல் எண் அகலம், அடுத்தது விட்டம். அந்த 622-ஐப் பார்த்து வாங்குங்கள்.

புது டயரை முதல் தடவை ரோட்டில் கழற்றுவது

வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து ஒரு தடவை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

முள்ளைத் தேடாமல் ட்யூப் மாட்டுவது

டயர் கழன்ற சந்தோஷத்தில் புளியமரத்தடிப் பையன் புது ட்யூபை எடுத்துவிட்டான். "இருப்பா" என்று சொல்லி என் கைக்குட்டையைக் கொடுத்தேன். வெறும் விரலை விட்டால் கிழித்துவிடும், துணி என்றால் முள்ளில் மாட்டி இழுக்கும். டயருக்குள் மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்தான். முக்கால் வட்டம் வந்ததும் கைக்குட்டை நின்றது.