கர்ப்ப காலத்தில் ரத்தம் பட்டால்: எதைப் பார்ப்பது, எதைச் சொல்வது, எப்போது கிளம்புவது

கர்ப்பம் உறுதியான பிறகு உள்ளாடையில் ரத்தம் தெரிந்தால், ஏன் என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். அதற்குப் பதில் வீட்டில் கிடைக்காது. பரிசோதிக்காமல், ஸ்கேன் பார்க்காமல் மருத்துவராலும் சொல்ல முடியாது. வீட்டில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: இந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புவதா, அல்லது மருத்துவருக்குப் போன் செய்து, அவர் சொல்லும் நேரத்தில் போவதா? ரத்தத்தின் அளவை மட்டும் வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. எத்தனையாவது வாரம், வலி இருக்கிறதா, எந்த இடத்தில் வலி என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முதல் மூன்று மாதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு கர்ப்பிணிக்கு ஏதோ ஓர் அளவில் ரத்தம் படுகிறது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பம் நல்லபடியாகத் தொடர்கிறது. ஆகவே ரத்தத்தைப் பார்த்ததுமே எல்லாம் முடிந்துவிட்டது என்று மனம் உடைய வேண்டியதில்லை. "எல்லாருக்கும் வருவதுதான்" என்று சொல்லி விட்டுவிடவும் கூடாது. ஒரு துளி பட்டாலும் அன்றே மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

போனில் கேட்டுக்கொண்டு நிற்காமல் கிளம்ப வேண்டிய நேரங்கள்

- ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தால், அல்லது எலுமிச்சை அளவுக்கு ரத்தக் கட்டிகள் விழுந்தால்.
- தலைசுற்றல், கண் இருட்டுதல், மயக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு வந்தால்.
- அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, அல்லது தோள்பட்டை நுனியில் வலி வந்தால். ரத்தம் இரண்டு துளிதான் பட்டிருக்கிறது என்றாலும் கிளம்புங்கள்.
- ரத்தத்தோடு காய்ச்சல், குளிர் நடுக்கம், துர்நாற்றம் இருந்தால்.
- 20 வாரம் தாண்டிய பிறகு எந்த அளவில் ரத்தம் பட்டாலும். அதோடு வயிறு இறுகிக் கல்லாக நின்றாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கிளம்பும்போது கர்ப்பிணி தானே வண்டி ஓட்டக் கூடாது. அவசர அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் ரத்தப்போக்கு அதிகமாக இருக்கும்போது எதையும் சாப்பிடாமல், குடிக்காமல் போவது நல்லது. 20 வாரத்துக்கு மேல் என்றால் மல்லாந்து படுக்காமல் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்துச் செல்லுங்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், ரத்த வகை எழுதிய சீட்டு, சாப்பிடும் மாத்திரைகள் மூன்றும் கையில் இருக்கட்டும்.

வீட்டில் பிரஷர் கருவி இருந்து அது சரியாகக் காட்டினாலும் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். மாதம் ஏற ஏறக் கர்ப்பிணியின் உடலில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. அதனால் நிறைய ரத்தம் போன பிறகும் பிரஷர் சில நேரம் இறங்காமலே இருக்கும். நாடித்துடிப்பு வேகமெடுப்பதுதான் பெரும்பாலும் முதலில் தெரியும்.

எவ்வளவு ரத்தம் என்று அளப்பது

கழிப்பறைத் தண்ணீரைப் பார்த்து அளவைச் சொல்லாதீர்கள். நாலைந்து துளி விழுந்தாலே தண்ணீர் முழுக்கச் சிவந்துவிடும். புதிதாக ஒரு வெள்ளை பேட் வைத்து, வைத்த நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். டாம்பான், மாதவிலக்குக் கப் இரண்டும் வேண்டாம். தொற்று வர இடமுண்டு, எவ்வளவு போகிறது என்பதும் வெளியே தெரியாது. ஒரு மணி நேரம் கழித்துப் பேட்டைப் பார்த்தால் நான்கில் ஒரு நிலை தெரியும்: துடைக்கும்போது மட்டும் கறை, பேட்டில் சில துளி, பேட்டில் பாதிவரை பரவியது, முழுக்க நனைந்தது. இப்படிச் சொன்னால் மருத்துவருக்கு உடனே புரியும். "கொஞ்சம் போகிறது", "நிறையப் போகிறது" என்றால் ஆளுக்கு ஒரு பொருள்.

நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பழுப்பு என்றால் உள்ளே தங்கியிருந்த பழைய ரத்தம் மெதுவாக வெளியேறுகிறது. பளிச்சென்ற சிவப்பு என்றால் இப்போது கசியும் ரத்தம். ஆனால் பழுப்பாக இருக்கிறதே என்று நிம்மதி அடைய முடியாது; கருக்குழாய்க் கர்ப்பத்திலும் (கரு கர்ப்பப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் தங்கி வளர்வது) பல நேரம் பழுப்பாகத்தான் படும்.

ரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதிலும் குழப்பம் வரும். சிறுநீர் கழிக்கும்போது மட்டும் சிவந்து, எரிச்சலும் இருந்தால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். மலம் இறுகிப் போன பிறகு மட்டும் பட்டால் மூலமாக இருக்கலாம். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனிச் சுத்தமான துணியால் துடைத்துப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். எது என்று தெளிவாகத் தெரியாவிட்டால் பிறப்புறுப்பிலிருந்துதான் வருகிறது என்று எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஏதாவது கட்டியாக விழுந்தால் தூக்கி எறிய வேண்டாம். ரத்தக் கட்டி அடர் சிவப்பாக, அழுத்தினால் உடைந்துபோகும். சாம்பல் கலந்த வெள்ளையாக, கழுவினாலும் கரையாமல் இருப்பது திசுவாக இருக்கலாம். சுத்தமான மூடி போட்ட டப்பாவில் எடுத்துப் போங்கள். பார்க்கவே மனம் வலிக்கும் வேலை இது. முடியாவிட்டால் வீட்டில் வேறு யாராவது செய்யட்டும்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

கடைசி மாதவிலக்கின் முதல் நாள், ரத்தம் பட ஆரம்பித்த நேரம், நனைந்த பேட்டுகளின் எண்ணிக்கை, வலி உள்ள இடம். பிறகு, கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டிய ஒன்று: கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது என்று ஏற்கெனவே ஸ்கேனில் பார்த்தாயிற்றா, இல்லையா? முதல் மூன்று மாதங்களில் மருத்துவரின் அடுத்த கேள்விகள் எல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்தே அமையும். இதற்கு முன் கருக்குழாய்க் கர்ப்பம், சிசேரியன், கருச்சிதைவு நடந்திருந்தால் அதையும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்தால் அதையும், கீழே விழுந்திருந்தாலோ வயிற்றில் அடிபட்டிருந்தாலோ அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கடந்த இரண்டு நாளில் தாம்பத்திய உறவு இருந்ததா என்று கேட்டால் கூச்சப்பட வேண்டாம். கர்ப்ப காலத்தில் கர்ப்பப்பை வாய்க்கு ரத்த ஓட்டம் கூடுவதால் உறவுக்குப் பிறகோ, உள் பரிசோதனைக்குப் பிறகோ சில துளி படுவது சகஜம்.

முதல் மூன்று மாதங்களில்

கரு கர்ப்பப்பைச் சுவரில் ஒட்டும்போது, கருத்தரித்த 10 முதல் 14 நாளில், ஒன்றிரண்டு நாள் லேசாகப் படலாம். மாதவிலக்கு வரவேண்டிய சமயத்தில் வருவதால் பலர் இதை மாதவிலக்கு என்றே நினைத்து, வாரக் கணக்கில் தவறிவிடுகிறார்கள். கருப்பைக்கும் கருவைச் சுற்றிய சவ்வுக்கும் இடையில் ரத்தம் தேங்கினாலும் கசிவு வரும். சிறியதாக இருந்தால் பெரும்பாலும் தானே கரைந்துவிடும். கர்ப்பப்பை வாயில் உள்ள சிறு சதை வளர்ச்சி, தொற்று ஆகியவையும் காரணமாகலாம். முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (கரு சரியாக உருவாகாமல் நஞ்சுத் திசு அளவுக்கு மீறி வளர்வது) அரிது. கடும் வாந்தியும், நாளுக்கு மீறிய வயிற்று வளர்ச்சியும் அதற்கு அடையாளம்.

எல்லாவற்றையும்விட முதலில் இல்லை என்று உறுதி செய்ய வேண்டியது கருக்குழாய்க் கர்ப்பம். 100 கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டு இப்படி அமைகின்றன. கரு வளர வளரக் குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். வெளியே வருவதோ சில துளிதான். "கொஞ்சம்தானே படுகிறது" என்ற நினைப்பு இங்கே உயிருக்கே ஆபத்தாகிவிடும். பெரும்பாலும் 6 முதல் 8 வாரத்துக்குள் தெரியவரும். வயிற்றில் சேர்ந்த ரத்தம் உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை) உறுத்துவதால் அந்த வலி தோள்பட்டை நுனியில் தெரியும். மலம் வருவது போன்ற அழுத்தமும் வரலாம். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, காப்பர்-டி இருக்கும்போதோ கர்ப்பம் உண்டானால் இந்தச் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும். முன்கூட்டியே கண்டுபிடித்தால் சிலருக்கு மெத்தோட்ரெக்ஸேட் ஊசியே போதும். வெடித்துவிட்டால் உடனே அறுவை சிகிச்சைதான்.

பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனால் கரு கலைந்துவிடும் என்று பயந்து பலர் தயங்குகிறார்கள். அதனால் கருவுக்குக் கெடுதல் வராது. ஆரம்ப வாரங்களில் வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதைவிட இதில் தெளிவாகத் தெரியும்: ஏறத்தாழ 5 வாரத்தில் கரு வளரும் பை, 6 வாரத்தில் இதயத் துடிப்பு. எதுவுமே தெரியாவிட்டால் ஹெச்சிஜி (கர்ப்ப ஹார்மோன்) ரத்தப் பரிசோதனையை 48 மணி நேர இடைவெளியில் இருமுறை செய்வார்கள். நல்ல கர்ப்பத்தில் ஆரம்ப நாட்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அந்த எண் இரட்டிக்கும். மெதுவாக ஏறினாலோ, ஏறாமல் நின்றாலோ கருக்குழாய்க் கர்ப்பத்தையோ கருச்சிதைவையோ சந்தேகிக்க வேண்டும். முதல் பரிசோதனையோடு நிறுத்திவிட்டால் பயனில்லை. இரண்டாவது எண்ணோடு ஒப்பிட்டால்தான் அதற்குப் பொருள்.

"துடிப்பு இல்லை, கலைத்துவிடலாம்" என்று ஒரே ஸ்கேனில் சொன்னால் அளவைக் கேளுங்கள். கரு 7 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லை, அல்லது பை 25 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தும் உள்ளே கரு இல்லை என்றால்தான் வளர்ச்சி நின்றதாகக் கொள்வார்கள். அதற்குக் குறைவாக இருந்தால் 7 முதல் 14 நாள் கழித்து மறுபடி ஸ்கேன் பார்ப்பதே முறை. உங்கள் நாள் கணக்கு ஒரு வாரம் முன்பின் இருக்கலாம் அல்லவா?

முதல் மூன்று மாதக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. மாடி ஏறியதோ, வேலைக்குப் போனதோ, எதையோ சாப்பிட்டதோ காரணம் அல்ல. அந்தப் பெண்ணிடம் யாரும் அப்படிச் சொல்லவும் கூடாது. கலைந்த பிறகு இரண்டு வாரம் வரை ரத்தம் படலாம். மூன்று வாரம் கழித்தும் சிறுநீர் கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ் என்றால் மருத்துவரை மறுபடி பார்க்க வேண்டும்.

20 வாரத்துக்குப் பிறகு

இங்கே முக்கியக் காரணங்கள் இரண்டு. அடையாளங்கள் ஏறக்குறைய எதிரெதிர்.

நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை மூடியிருந்தால் வலியே இல்லாமல் பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் கொட்டும். தூக்கத்திலேயே படுக்கை நனைந்திருக்கலாம். தானே நிற்கும், சில நாளில் திரும்ப வரும், அடுத்த முறை கூடுதலாகவும் வரலாம். முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு வாய்ப்பு அதிகம். 20 வார ஸ்கேனில் "நஞ்சு கீழே இருக்கிறது" என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். கர்ப்பப்பை வளர வளரப் பெரும்பாலானோருக்கு மேலே ஏறிவிடும். 32 வாரம் வாக்கில் மறு ஸ்கேன் செய்து பாருங்கள், அதைத் தவறவிடாதீர்கள். நஞ்சு எங்கே இருக்கிறது என்று தெரியும்வரை யாரும் விரல் விட்டுப் பரிசோதிக்கக் கூடாது. விரல் பட்டால் ரத்தம் பெருக்கெடுத்துவிடும். பரிசோதிக்க வருபவரிடம் "நஞ்சு கீழே என்று சொன்னார்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நஞ்சுக்கொடி பிரசவத்துக்கு முன்பே சுவரிலிருந்து பிரிந்தால் வலி கடுமையாக இருக்கும், வயிறு விடாமல் இறுகியே நிற்கும், ரத்தம் கருஞ்சிவப்பாக வரும். நஞ்சுக்குப் பின்னாலேயே ரத்தம் தேங்கிவிட்டால் வெளியே ஒரு துளிகூட வராது. உயர் ரத்த அழுத்தம், வயிற்றில் அடி, புகைபிடித்தல் ஆகியவை இதற்கு வழி வகுக்கும். விபத்தில் வயிறு அடிபட்டால், ரத்தம் இல்லாவிட்டாலும் சில மணி நேரமாவது மருத்துவமனையில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனிப்பது இதனால்தான்.

பனிக்குடம் உடைந்த உடனே ரத்தம் வந்தால் அது குழந்தையின் ரத்தமாகவும் இருக்கலாம்; அரிதுதான், ஆனால் நிமிடங்களில் செயல்பட வேண்டியது. 37 வாரத்துக்கு முன்பு ரத்தம் கலந்த சளியும், விட்டு விட்டு வரும் வலியும் இருந்தால் குறைமாதப் பிரசவ வலி தொடங்கியிருக்கலாம். நேரத்தோடு போனால் குழந்தையின் நுரையீரல் முதிரத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட முடியும். 37 வாரத்துக்குப் பிறகு சளியோடு ரத்தக் கீற்று வருவது பெரும்பாலும் பிரசவம் நெருங்குவதன் அறிகுறி. ரத்தமாகவே வழிந்தால் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ரத்த வகை நெகட்டிவ் என்றால்

தாய்க்கு ஆர்ஹெச் நெகட்டிவ் வகை இருந்து குழந்தைக்கு பாசிட்டிவ் இருந்தால், ரத்தம் கலப்பதால் தாயின் உடலில் எதிர்ப்பொருள் உருவாகி அடுத்த கர்ப்பத்தைத் தாக்கும். தேவையானவர்களுக்கு, அதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை ரத்தப்போக்கு தொடங்கிய 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். 12 வாரத்துக்கு முன் எப்போது போடுவது என்பதை மருத்துவர் நிலைமையைப் பார்த்து முடிவு செய்வார். ரத்தம் நின்றுவிட்டது என்பதற்காக இந்தக் கேள்வியைக் கேட்காமல் வராதீர்கள்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு

படுத்த படுக்கையாக இருந்தால் கரு நிற்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நாள்கணக்கில் அசையாமல் கிடந்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். சாதாரணமாக நடமாடலாம், பளு தூக்குவதையும் தாம்பத்திய உறவையும் ரத்தம் நிற்கும்வரை, அல்லது மருத்துவர் சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள். பிறப்புறுப்புக்குள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால் எடுக்கலாம், ஐபுப்ரோஃபென் வேண்டாம். மருத்துவர் ஏற்கெனவே ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாமல் அன்றே கேளுங்கள்.

புரோஜெஸ்டிரான் (கர்ப்பம் நிலைக்க உதவும் ஹார்மோன்) மாத்திரை ரத்தம் பட்ட எல்லாருக்கும் பயன்படுவதில்லை. முன்பு கருச்சிதைவு ஆகி, இந்தக் கர்ப்பத்திலும் ரத்தம் படுபவர்களுக்குத்தான் பலன் தெரிகிறது. கரு கர்ப்பப்பைக்குள் இருப்பது ஸ்கேனில் உறுதியான பிறகு, 400 மில்லிகிராம் வீதம் தினம் இருமுறை பிறப்புறுப்புக்குள் வைப்பார்கள்; துடிப்பு தெரிந்தால் 16 வாரம் முடியும்வரை தொடர்வார்கள்.

நஞ்சு கீழே இருந்து ஒருமுறை ரத்தம் பட்டவர்கள் தனியாக இருக்கக் கூடாது. சிசேரியன் வசதியும் ரத்த வங்கியும் உள்ள மருத்துவமனை எது, நள்ளிரவில் அங்கே எத்தனை நிமிடத்தில் போய்ச் சேரலாம், யார் வண்டி எடுப்பார்கள் என்பதை இன்றே பேசி வையுங்கள்.