சொட்டுநீர் மானியம் பலன் தந்ததா? கண்டுபிடிப்பது எப்படி

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் அமைக்க 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. எத்தனை ஏக்கரில் குழாய் போட்டார்கள் என்ற கணக்கு அலுவலகத்திலேயே கிடைக்கும். அதை விடுங்கள். தோட்டத்துக்குப் போய் மோட்டாரைப் போடச் சொல்லுங்கள். கடைசி வரிசை வரை சொட்டுகிறதா? வடிகட்டியை எப்போது கழுவினார்கள்? நான் போன ஒரு தோட்டத்தில் குழாய் முழுவதும் சுருட்டி மாட்டுக்கொட்டகைப் பரணில் கிடந்தது. ஏட்டில் அது வெற்றி!

அப்புறம், மானியம் வாங்காத பக்கத்துத் தோட்டக்காரரிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள். நல்ல மழை பெய்த வருடம் இருவருக்கும்தான் விளைந்திருக்கும். மகசூலை மூட்டைக் கணக்கில் கேட்பது நல்லது. களையெடுப்புக் கூலி குறைந்ததா என்று மட்டும் வீட்டுப் பெண்களிடம் விசாரியுங்கள். நான் கேட்ட ஆண்கள் பலருக்கு அது நினைவில் இல்லை.