தவறு நடந்த பிறகு எழுதும் அறிக்கை: முதன்முறை எழுதுபவர்களுக்கு

சில மாதங்களாக நான் படிப்பவை பெரும்பாலும் விபத்து அறிக்கைகள். தங்கள் சேவை முடங்கியபோது என்ன நடந்தது என்று மென்பொருள் நிறுவனங்கள் தாங்களே எழுதி வெளியிடுபவை. துறையில் இதைப் போஸ்ட்மார்ட்டம் என்கிறார்கள். தலைமைப் பண்பு பற்றியும் சுயமுன்னேற்றம் பற்றியும் படித்த நூல்களைவிட இவை எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன. மென்பொருள் எங்கே உடைகிறது, குழு எப்படி நடத்தப்படுகிறது, ஒரு மனிதர் தன் தவறை எப்படி எதிர்கொள்கிறார் என்ற மூன்றையும் இவற்றில் ஒன்றாகப் பார்க்கலாம்.

வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகள் ஆனவரிடம் இப்படி ஓர் அறிக்கை கேட்டால், பெரும்பாலும் மன்னிப்புக் கடிதம்தான் வருகிறது. என் முதல் வேலையில் நானும் அதையே எழுதினேன். விலைப்பட்டியலைத் திருத்தும் கட்டளையில் ஒரு நிபந்தனையை விட்டுவிட்டதால் எல்லாப் பொருள்களின் விலையும் மாறிப்போனது. கூட்டத்தில் எழுந்த முதல் கேள்வி, “யார் செய்தது?” என் பெயரைச் சொன்னேன். பத்து நிமிடத்தில் கூட்டம் கலைந்தது. நான்கு மாதம் கழித்து இன்னொருவர் அதே தவறைச் செய்தார். என் கடிதத்தில் அவரைத் தடுக்கக்கூடிய ஒரு வரிகூட இல்லை.

அப்படி ஒரு வரியை எழுதுவது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டாக, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவையை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் ஓர் அறிக்கையை எடுத்துக்கொள்கிறேன். 2017 ஜனவரி 31 அன்று அதன் பொறியாளர் ஒருவர் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்த விபத்தைப் பற்றியது அது.

முதல் படி: நேரவரிசை

சேவை மீண்டவுடன், முடிந்தால் அன்றே, நடந்தவற்றை நேரப்படி எழுதுங்கள். நினைவை நம்ப வேண்டாம். சர்வரின் பதிவுகள், குழுவின் உரையாடல், நீங்கள் இட்ட கட்டளைகள் எல்லாவற்றிலும் நேரம் இருக்கிறது. காரணம் எதையும் இப்போது எழுதாதீர்கள். “23:10, கட்டளை இடப்பட்டது” என்ற அளவில் நின்றால் போதும்.

இரண்டாம் படி: பெயரை எடுத்துவிடுங்கள்

கிட்லேப் அறிக்கையில் அந்தப் பொறியாளர் “குழு உறுப்பினர் 1” என்றே குறிக்கப்படுகிறார். உங்கள் அறிக்கையிலும் “பணியில் இருந்த பொறியாளர்” என்று எழுதுங்கள். தவறு செய்தவர் நீங்களே என்றாலும் அப்படித்தான்.

மூன்றாம் படி: அப்போது கண்ணில் பட்டது என்ன?

நான் அதிகம் தடுமாறிய இடம் இதுதான். முடிவு தெரிந்த பிறகு எழுதுவதால், செய்தவர் கவனமற்றவராகத் தெரிவார். அந்த நிமிடத்தில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை மட்டும் எழுதப் பழக வேண்டும்.

அந்த இரவைப் பாருங்கள். ஸ்பேம் தாக்குதலால் தரவுத்தளத்தில் பாரம் ஏறியிருந்தது. முதன்மை சர்வரிலிருந்து துணை சர்வருக்குத் தரவு நகலாவது பின்தங்கி நின்றுபோனது. துணை சர்வரைத் துடைத்துவிட்டுப் புதிதாக நகலெடுக்கப் பார்த்தார்கள். நகலெடுக்கும் கருவி திரையில் எதையும் காட்டாமல் நின்றது. முதன்மை சர்வர் அனுப்பத் தொடங்கும்வரை அது அப்படிப் பேசாமல் காத்திருப்பது இயல்புதான். ஆனால் குழுவின் கையேட்டில் அந்தச் செய்தி இல்லை. எனவே, மீந்திருக்கும் பழைய கோப்பகம்தான் தடை என்று அந்தப் பொறியாளர் எண்ணினார். துணை சர்வரில் அதை அழிப்பதாக நினைத்துக் கட்டளையை இட்டார். திரையில் திறந்திருந்ததோ முதன்மை சர்வர். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது.

இதைப் படித்த பிறகு எனக்கு அவர்மீது கோபம் வரவில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன் என்று தோன்றியது. உங்கள் அறிக்கையைப் படிக்கும் சக ஊழியருக்கும் அப்படித் தோன்றுகிறதா என்று கேளுங்கள். தோன்றவில்லை என்றால் ஏதோ ஒரு தகவல் விட்டுப்போயிருக்கிறது.

நான்காம் படி: “ஏன்” என்று கேளுங்கள், ஒரே கிளையில் நிற்காதீர்கள்

ஐந்து முறை “ஏன்” கேட்கும் வழக்கம் டொயோட்டாவிலிருந்து வந்தது. நல்ல பழக்கம். ஆனால் ஒரே நேர்கோட்டில் கேட்டுக்கொண்டே போனால் ஒரே ஒரு காரணத்தில் போய் நின்றுவிடும். குறைந்தது இரண்டு கேள்விகளில் தொடங்குங்கள்: ஏன் நடந்தது? நடந்த பிறகு ஏன் உடனே மீள முடியவில்லை?

கிட்லேப் அறிக்கையின் கனமான பகுதி இரண்டாவது கேள்விக்கான விடையில் இருக்கிறது. நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய பேக்கப்பைத் தேடியபோது எதுவும் இல்லை. ஏன்? பேக்கப் கருவியின் பதிப்பு 9.2, தரவுத்தளத்தின் பதிப்பு 9.6. பொருந்தாததால் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. ஏன் யாருக்கும் தெரியவில்லை? தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களைப் பெறும் சர்வர் ஏற்காமல் தள்ளிவிட்டது. பேக்கப்பை மீட்டுப் பார்க்கும் சோதனை ஏன் நடக்கவில்லை? அது யாருடைய பொறுப்பு என்று வகுக்கப்படவில்லை.

தொழில்நுட்பக் கேள்வியாகத் தொடங்கியது தலைமையின் கேள்வியாக முடிவதைக் கவனியுங்கள். கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது, விபத்துக்கு ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்தில் இருந்த தரவின் நகல். அதை எடுத்தவர் அதே பொறியாளர். “யார் செய்தது?” என்று மட்டும் கேட்டிருந்தால் அவரைக் குற்றவாளியாக மட்டுமே பார்த்திருப்போம்.

ஐந்தாம் படி: “இனிக் கவனமாக இருப்போம்” என்ற வரியை அடித்துவிடுங்கள்

இரவு பதினொன்றரைக்குச் சோர்ந்திருக்கும் ஒருவரிடம் கவனத்தை எதிர்பார்த்து எந்த ஏற்பாட்டையும் கட்ட முடியாது. கிட்லேப் எழுதிய திருத்தங்கள் வேறு வகையானவை. எந்த சர்வரில் இருக்கிறோம் என்பது கட்டளையைத் தட்டச்சு செய்யும் வரியிலேயே தெளிவாகத் தெரிய வேண்டும். பேக்கப்பை மீட்டுப் பார்க்கும் சோதனை தானாக நடக்க வேண்டும். தரவின் பாதுகாப்புக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

பெயர் தேவைப்படும் ஒரே இடம் இதுதான். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒருவர் பெயரும் ஒரு தேதியும் எழுதுங்கள். பத்துத் திருத்தங்கள் வேண்டாம், முடிக்கக்கூடிய மூன்று போதும். என் பழைய விலைப்பட்டியல் தவறுக்கு ஒரே வரி போதுமாக இருந்தது: நிபந்தனை இல்லாத திருத்தக் கட்டளையைத் தரவுத்தளமே மறுக்க வேண்டும்.

ஆறாம் படி: கூட்டத்தில் வாசியுங்கள்

குழுத்தலைவர் முதலில் பேச வேண்டாம். கட்டளையை இட்டவர் நேரவரிசையை வாசிக்கட்டும், மற்றவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சேர்க்கட்டும். நீங்கள் தலைவராக இருந்தால், நீங்கள் ஒத்திப்போட்ட வேலை ஏதாவது இந்தச் சங்கிலியில் இருக்கிறதா என்று பார்த்து அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். அதன் பிறகுதான் அறையில் மற்றவர்கள் வாய் திறக்கிறார்கள். இதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இந்த அறிக்கைகளைப் பூட்டிவைக்காதீர்கள். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவருக்கு முதல் வாரத்தில் பழைய அறிக்கைகள் ஐந்தைப் படிக்கக் கொடுக்கிறோம். அண்மையில் சேர்ந்த ஒரு பெண் மூன்றாம் நாளே வந்து, நான் எழுதிய அறிக்கையில் ஒரு வரியைக் காட்டி, “சார், இந்தத் திருத்தம் முடிந்துவிட்டதா?” என்று கேட்டார். அதில் இருந்தது என் பெயர். தேதி கடந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அன்று மாலையே இருவரும் உட்கார்ந்து அதை முடித்தோம்.