மாங்கூழ் கம்பெனி கோப்புகளுக்குக் கீ பாலிசி எழுதுவது எப்படி

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் எந்த மாங்கூழ் ஆலையை எடுத்தாலும் கம்ப்யூட்டரில் கிடப்பது ஏறக்குறைய ஒரே சரக்குதான்: எடைமேடை ரசீது, எந்தத் தோப்பிலிருந்து எத்தனை டன் தோத்தாபுரி இறங்கியது என்ற கணக்கு, அப்புறம் பணம் போடுவதற்காக வாங்கிய விவசாயிகளின் பாஸ்புக் நகல், ஆதார் நகல். இதையெல்லாம் அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்-ல், எஸ்3 என்ற கோப்புச் சேமிப்பில் ஒரு பக்கெட்டில் (கோப்புகளைப் போட்டு வைக்கும் தொட்டி) ஏற்றிவிட்டு "என்கிரிப்ஷன் ஆன்ல இருக்கு", அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. ஆன்லதான் இருக்கும். 2023 ஜனவரி 5-லிருந்து எஸ்3-ல் புதிதாக ஏறும் எந்தக் கோப்பும் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடுகிறது. ஆனால் அந்த இயல்பான என்கிரிப்ஷனில், பக்கெட்டைப் படிக்க அனுமதி உள்ள எவருக்கும் கோப்பு கேள்வியே இல்லாமல் திறந்துவிடும். பக்கெட் அனுமதியை யாராவது தாராளமாக்கிவிட்டால் உள்ளே இரண்டாவது கதவு கிடையாது. அந்த இரண்டாவது கதவைத்தான் கேஎம்எஸ் என்ற அமேசானின் சாவிச் சேவையில் ஒரு சாவியை வைத்து, அதை யார் எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கீ பாலிசியை அதன் மேல் எழுதி நாம் மாட்டப் போகிறோம். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்பு செய்யாமல் விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது, ஆகவே பாஸ்புக் நகல் சின்ன விஷயமில்லை.

கேஎம்எஸ் பக்கத்தில் இரண்டு வகைச் சாவிகள் தெரியும். ஏடபிள்யூஎஸ் மேனேஜ்டு கீ என்பதற்கு மாத வாடகை இல்லை, ஆனால் அதன் பாலிசியைப் பார்க்கலாமே தவிர கை வைக்க முடியாது. நமக்கு வேண்டியது கஸ்டமர் மேனேஜ்டு கீ. மாதம் ஒரு டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு 10,000 அழைப்புக்கும் 3 சென்ட், மாதத்தில் முதல் 20,000 அழைப்பு இலவசம். பக்கெட் எந்த ரீஜனில் (அமேசானின் சர்வர்கள் இருக்கும் வட்டாரம்) இருக்கிறதோ அதே ரீஜனில் சாவியும் இருக்க வேண்டும். பக்கெட்டை மும்பையில் வைத்துவிட்டுச் சாவியை ஐதராபாத்தில் உருவாக்கினால் வேலைக்கு ஆகாது.

ஏடபிள்யூஎஸ் கன்சோலை, அதாவது நிர்வாகம் செய்யும் இணையப் பக்கத்தை, திறப்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று பேரை எழுதுங்கள்: கோப்பை ஏற்றுவது யார், திறந்து பார்ப்பது யார், சாவியைப் பராமரிப்பது யார். எடைமேடை மென்பொருள் ஏற்றும், ஆனால் அதற்கு எதையும் திறந்து பார்க்கத் தேவையில்லை. அக்கவுண்ட்ஸ் பிரிவு ஏற்றவும் வேண்டும், திறக்கவும் வேண்டும். ஓசூரிலிருந்து வந்து சர்வரைப் பார்த்துவிட்டுப் போகிற கம்ப்யூட்டர் தம்பி சாவியைப் பராமரிப்பார், ஆனால் எந்த விவசாயியின் பாஸ்புக்கையும் அவர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. முதலாளி எல்லாவற்றையும் கேட்பார், அது வேறு விஷயம். அவருக்கும் திறக்கும் அனுமதி மட்டும் போதும். இந்தத் தாள் தெளிவாக இருந்தால் மிச்சமெல்லாம் தட்டச்சு வேலைதான். ஒவ்வொருவருக்கும் ஐஏஎம்-ல் (யாருக்கு என்ன அனுமதி என்று வைக்கும் ஏடபிள்யூஎஸ் சேவை) தனித்தனி ரோல், அதாவது அனுமதிகள் ஒட்டிய ஓர் அடையாளம், இருக்கட்டும். குரூப் பெயரைக் கீ பாலிசியில் எழுத முடியாது, அதனால் "அக்கவுண்ட்ஸ் குரூப்" என்று போட்டுத் தப்பிக்க வழியில்லை.

இப்போது கன்சோலில் கிரியேட் கீ, சிமெட்ரிக், என்கிரிப்ட் அண்ட் டிகிரிப்ட், ஒரு பெயர், அடுத்தது. கீ அட்மினிஸ்ட்ரேட்டர் யார் என்று கேட்கும்போது தம்பியின் ரோல், கீ யூசர் யார் என்று கேட்கும்போது அக்கவுண்ட்ஸ் ரோல். அட்மின் பக்கத்தில் "இந்தச் சாவியை அழிக்க அனுமதி" என்று ஒரு டிக் பெட்டி ஏற்கெனவே டிக் ஆகி இருக்கும், அதை எடுத்துவிடுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். கடைசியில் ஜேசன் என்ற எழுத்து வடிவில் கீ பாலிசியைக் காட்டும். எல்லோரும் அதைப் படிக்காமல் ஃபினிஷ் அழுத்துகிறார்கள், ஆனால் உண்மையான வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதன் முதல் ஸ்டேட்மென்ட்டில் (பாலிசியின் ஒரு பகுதி) பிரின்சிபல் (யாருக்கு அனுமதி) இடத்தில் உங்கள் அக்கவுண்ட் எண்ணும் அதோடு ரூட் என்ற சொல்லும், ஆக்ஷன் (என்ன வேலை) இடத்தில் கேஎம்எஸ் நட்சத்திரமும் (எல்லா வேலையும் என்று பொருள்) இருக்கும். இது அக்கவுண்டின் தலைமை லாகினான ரூட் வைத்திருக்கும் ஆளைப் பற்றியது என்று நினைப்பார்கள். அதன் அர்த்தம் பெரியது: இந்த அக்கவுண்டுக்குள் ஐஏஎம் பாலிசி வழியாக இந்தச் சாவிக்கு யாருக்கு என்ன அனுமதி கொடுத்தாலும் செல்லும். அதாவது அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்சஸ் என்ற முழு அனுமதி ஒட்டிய எவரும், நீங்கள் யூசர் பட்டியலில் சேர்க்காத ஆளாக இருந்தாலும், டிகிரிப்ட் செய்யலாம், பூட்டைத் திறக்கலாம். தாளில் பிரித்து எழுதியதெல்லாம் இந்த ஒரு வரியில் கரைந்துவிடும்.

சரி, அந்த வரியை அழித்துவிடலாமா என்றால், வேண்டாம். கேஎம்எஸ்-ல் கீ பாலிசி சொல்லாத எவருக்கும் உரிமை கிடையாது, ரூட் யூசருக்கும் சேர்த்துத்தான். அந்த வரி போய், பெயர் சொல்லி எழுதிய ஒரே அட்மின் ரோலையும் யாராவது நீக்கிவிட்டால் அந்தச் சாவி யாராலும் நிர்வகிக்க முடியாததாகிவிடும், அமேசான் சப்போர்ட்டிடம் போய் நிற்க வேண்டியதுதான். வரியை வைத்துக்கொண்டு அதன் ஆக்ஷனை மட்டும் குறையுங்கள். நட்சத்திரத்தை எடுத்துவிட்டு டிஸ்கிரைப், கெட், லிஸ்ட், புட், எனேபிள், டிசேபிள் போன்ற நிர்வாக வேலைகளை மட்டும் எழுதுங்கள். டிகிரிப்ட், ரீஎன்கிரிப்ட் (வேறு சாவியில் மாற்றிப் பூட்டுவது), ஜெனரேட் டேட்டா கீ (கோப்பைப் பூட்டும் சாவியை உருவாக்குவது), கிரியேட் கிரான்ட் (பாலிசியைத் தொடாமலே சாவிக்கு அனுமதி கொடுப்பது) நான்கும் அதில் வரவே கூடாது.

கிரியேட் கிரான்ட் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கிரான்ட் கொடுக்கும் உரிமை இருந்தால் தனக்கே டிகிரிப்ட் அனுமதியைக் கொடுத்துக்கொள்ளலாம். கன்சோல் எழுதித் தரும் அட்மின் ஸ்டேட்மென்ட்டில் "கிரியேட் நட்சத்திரம்" என்று இருக்கும், அதற்குள் கிரான்ட்டும் அடக்கம். அதைக் கிரியேட் ஏலியஸ் (சாவிக்குப் பெயர் வைப்பது) என்று சுருக்குங்கள். யூசர்களுக்கான கிரான்ட் ஸ்டேட்மென்ட் ஒன்றும் தனியாக வந்திருக்கும், அது ஈபிஎஸ் (சர்வர்களுக்கான டிஸ்க்) மாதிரியான சேவைகளுக்கு வேண்டியது, எஸ்3 கோப்புகளுக்குத் தேவையில்லை, தாராளமாக அழிக்கலாம். இவ்வளவும் செய்த பிறகும் பாலிசியை மாற்றும் உரிமை உள்ள அட்மின் நினைத்தால் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ள முடியும், அதை ஒரே அக்கவுண்டுக்குள் முழுதாக அடைக்க முடியாது. ஆனால் சத்தமில்லாமல் செய்ய முடியாது, யார் என்ன செய்தார் என்று குறித்து வைக்கும் கிளவுட்டிரெயிலில் பதிவு விழும்.

அடுத்து யூசர் பகுதி. எடைமேடை ரோலுக்குத் தனி ஸ்டேட்மென்ட் எழுதி ஜெனரேட் டேட்டா கீ மட்டும் கொடுங்கள், எஸ்3-ல் ஒரு கோப்பை ஏற்ற அது போதும். அக்கவுண்ட்ஸ் ரோலுக்கு அதோடு டிகிரிப்ட்டும் வேண்டும். இங்கே ஒரு சிக்கல்: கோப்பு பெரிதானால் துண்டு துண்டாக ஏறும், அந்த மல்டிபார்ட் முறைக்கு டிகிரிப்ட் அனுமதியும் தேவை. ஏடபிள்யூஎஸ் கமாண்ட் லைனில் அந்த எல்லை இயல்பாக 8 எம்பி. சின்ன ரசீதுகள் ஏறிக்கொண்டே இருந்து, ஒருநாள் தடிமனான ஸ்கேன் பிடிஎஃப் மட்டும் ஆக்சஸ் டினைடு என்று முரண்டு பிடித்தால் இதைத்தான் முதலில் பாருங்கள். எடைமேடைக்கு டிகிரிப்ட் கொடுப்பதைவிட எல்லையை உயர்த்துவதே என் விருப்பம்.

ரிசோர்ஸ் இடத்தில் நட்சத்திரம் இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், கீ பாலிசியில் அதற்கு இந்தச் சாவி என்றுதான் பொருள்.

அப்புறம் கண்டிஷன், அதாவது அனுமதிக்குப் போடும் நிபந்தனை. வியா சர்வீஸ் என்ற கண்டிஷனில் மும்பை ரீஜன் எஸ்3-ன் முழு முகவரியைப் போட்டால், அந்த ரோல் எஸ்3 வழியாக வரும்போது மட்டும் சாவி வேலை செய்யும், நேரடியாகக் கேஎம்எஸ்-ஐக் கூப்பிட்டால் செய்யாது. என்கிரிப்ஷன் கான்டெக்ஸ்ட் (எதைப் பூட்ட, திறக்க என்று அழைப்போடு வரும் குறிப்பு) கண்டிஷன் போட்டு ஒரே பக்கெட்டோடும் கட்டலாம். ஆனால் கேஎம்எஸ் அழைப்புகளைக் குறைக்கும் பக்கெட் கீ என்ற வசதியை ஆன் செய்திருந்தால் கான்டெக்ஸ்டில் வருவது கோப்பின் ஏஆர்என் (ஏடபிள்யூஎஸ்-ல் ஒவ்வொன்றுக்கும் உள்ள முழு அடையாளப் பெயர்) அல்ல, பக்கெட்டின் ஏஆர்என். கோப்பின் பாதையை வைத்துக் கண்டிஷன் எழுதிவிட்டுப் பிறகு பக்கெட் கீயை ஆன் செய்தால் எல்லாருக்கும் கதவு சாத்திக்கொள்ளும்.

சேலத்திலோ பெங்களூரிலோ இருக்கும் ஆடிட்டர் தன் சொந்த அக்கவுண்டிலிருந்து பார்க்க வேண்டுமென்றால், உங்கள் கீ பாலிசியில் அவருடைய ரோல் இருக்க வேண்டும், அவர் அக்கவுண்டின் ஐஏஎம் பாலிசியிலும் அனுமதி இருக்க வேண்டும், பக்கெட் பாலிசியும் ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் திறக்காது. அவருக்கு டிகிரிப்ட் மட்டும்.

ரோலை நீக்கிவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கினால் பழைய அனுமதி ஒட்டாது. பாலிசியில் பெயர் இருந்த இடத்தில் ஏஆர்ஓஏ என்று தொடங்கும் நீளமான எழுத்துக் குவியல் தெரியும், அது செத்துப்போன ரோலின் அடையாளம். அதை எடுத்துவிட்டுப் புது ரோலின் ஏஆர்என்-ஐப் போட வேண்டும்.

இனி அந்த டிக் பெட்டி. மாங்காய் சீசன் முடிந்தால் அடுத்த வருடம் வரை இந்தச் சாவியை யாரும் அதிகம் தொட மாட்டார்கள். கார்த்திகையில் பில்லைக் குறைக்க உட்காரும் ஒருவருக்கு அது "சும்மா கிடக்கும் கீ" மாதிரித் தெரியும், ஒரு டாலரை மிச்சப்படுத்த அழிக்கச் சொல்லிவிடுவார். அழிப்பதற்கு 7 முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு, அதற்குள் ரத்து செய்யலாம். அது தாண்டினால் அந்தச் சாவியில் பூட்டிய ஒரு கோப்பையும் யாராலும் மீட்க முடியாது, அமேசானாலும் முடியாது. அழிக்கும் உரிமையை முதலாளி கையில் இருக்கும் ஒரு ரோலுக்கு மட்டும் கொடுங்கள், அதையும் அன்றாடம் பயன்படுத்தாதீர்கள், ரூட் வரியிலும் அதைச் சேர்க்காதீர்கள். சந்தேகம் வந்தால் டிசேபிள் செய்து ஒரு சீசன் பார்க்கலாம், மறுபடி எனேபிள் செய்ய ஒரு நிமிடம்.

பக்கெட்டின் இயல்பு என்கிரிப்ஷனை இந்தச் சாவிக்கு மாற்றியதும், இனி ஏறும் கோப்புகள்தான் அதில் பூட்டப்படும். பழைய சீசன் கோப்புகள் பழைய மாதிரியே இருக்கும், அவற்றை அதே பக்கெட்டுக்குள் மறுபடி காப்பி செய்ய வேண்டும்.

பாலிசியைச் சேமித்த பிறகு சில நிமிடம் பொறுத்துச் சோதியுங்கள், மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர நேரம் எடுக்கும். அக்கவுண்ட்ஸ் ரோலில் திறக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், எடைமேடை ரோலிலும் தம்பியின் ரோலிலும் திறக்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவதைத்தான் யாரும் செய்வதில்லை. மறுப்பு வந்தால் அந்த எரர் வாக்கியத்தை முழுதாகப் படியுங்கள், ரிசோர்ஸ் பேஸ்டு பாலிசி அனுமதிக்கவில்லை என்றால் கீ பாலிசியிலும், ஐடென்டிட்டி பேஸ்டு என்றால் ஐஏஎம் பக்கமும் தேட வேண்டும்.

கடைசி வேலை, கிளவுட்டிரெயிலின் ஈவென்ட் ஹிஸ்டரியில் 90 நாள் பதிவு காசில்லாமல் கிடைக்கும், யார் எப்போது டிகிரிப்ட் கேட்டார்கள் என்பது அதில் இருக்கும். புட் கீ பாலிசி, கிரியேட் கிரான்ட், டிசேபிள் கீ, ஷெட்யூல் கீ டிலீஷன் இந்த நான்குக்கும் ஈவென்ட்பிரிட்ஜில் (இன்னது நடந்தால் இன்னதைச் செய் என்று சொல்லி வைக்கும் சேவை) ஒரு ரூல் போட்டு, மெயில் முதலாளிக்கும் இன்னொருவருக்கும் போகிற மாதிரி வையுங்கள், அந்த இன்னொருவர் சாவியைப் பராமரிக்கும் தம்பியாக இருக்க வேண்டாம்.